அசை

கீழக்கரையில் இறங்கிய மூன்றாம் நாள்
துரை கொர்தினே கேட்டார்,
கழுதைப்பால் கிடைக்குமா?
முகத்துக்காம்.
விசாரித்தேன். அதுவும் என் வேலை.
நாளொன்றுக்கு இரண்டு பணம்,
வேம்பாற்றுத் தமிழைப் புதுச்சேரியில் பொறுக்கிய
பிராஞ்சில் தோய்த்துக் கொடுப்பதற்கு.

இரவில் எழுதுவார்.
பாரீசில் ஒரு சீமாட்டி.
அவள் கட்டிலைச் சுற்றி நாற்காலிகள்.
வெள்ளிதோறும் படித்தவர்கள் கூடி
ஒருவர் கடிதத்தை ஒருவர் வாசிப்பார்களாம்.
அவள் படுத்தபடியே கேட்பாளாம்.
நோயாளியா என்றேன்.
சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
எங்கள் பக்கம் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்தால்
ஒன்று பிரசவம்,
இல்லையேல் சாமியாருக்கு ஆள் போயிருக்கும்.

வரிக்குப் பன்னிரண்டு அசை, கஸ்பார்,
ஆறில் ஒரு மூச்சு, பிறகு ஆறு.
மேசையில் விரலால் தட்டிக் காட்டினார்.

மறுநாள் தோணியில் இருந்து
அந்தக் கணக்கிலேயே எண்ணினேன்.
காலில் கல்லோடு இறங்கிய நத்தர்சா
ஆறில் மூச்சு விடவில்லை.
பன்னிரண்டிலும் இல்லை.
ஏழாம் வரி முடியும்போது வந்தான் மேலே,
வலையில் நாலு சங்கு, மூக்கில் ரத்தம்.
கீழே என்ன கண்டான், கேள் என்றார் துரை.
"இருட்டு. காது குத்துது.
கூலி இன்னைக்கே உண்டுமான்னு கேளுங்க."
ஒன்று விடாமல் சொன்னேன்.

மெழுகுவர்த்தி பாதி கரைந்த நேரம்
எழுதியதை வாசித்துக் காட்டினார்:
இக்கரை மேய்ப்பர்கள் நீருக்கடியில்
வெண்மந்தை மேய்க்கிறார்கள்,
காதல் ஒன்றே அவர்கள் கூலி.
விரல்விட்டுப் பார்த்தேன்.
எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

திருப்புல்லாணிப் பாதையில்
ஒரு மந்தை எதிர்ப்பட்டது.
புழுதி, மூத்திர வாடை,
தோளில் ஈன்ற குட்டியோடு ஒரு கீதாரி.
வழிவிடு வழிவிடு என்று பல்லக்குக்காரர்கள் கத்த
அவன் அசையாமல் நின்றான்,
யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று.
அவன் பேர் வழிவிட்டான்.
துரை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு
யார் இவர்கள் என்றார்.
மேய்ப்பர்கள் என்றேன்.
இருக்காது என்றார்.
உடைமர நிழலில் ஆடுகள் அசைபோட்டன.
அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு,
சொல்ல வாயெடுத்தேன்,
பல்லக்கு நகர்ந்துவிட்டது.

கச்சான் ஓய்ந்து கப்பல் புறப்படும் வாரம்
கடிதங்களைப் படியெடுக்கத் தந்தார்.
தாளைத் திருப்பினேன்.
பின்பக்கம் அசை இல்லை.
அப்பாத்தீவுக்குக் கிழக்கே இரண்டரைப் பாகம்.
முல்லித்தீவு வாயில் நாலு, அடி மணல்.
ஒல்லாந்தர் கிட்டங்கிக்கு இரவுக் காவல் மூவர்.
சங்கு ஆயிரம் இன்ன விலை,
முக்குளிப்பவனுக்கு அதில் இவ்வளவு.
நத்தர்சா சொன்னது, நான் சொன்னது.
துரை ஒரு பிழை விடவில்லை.
எங்களை இருந்தபடியே எழுதிய பக்கம்
அது ஒன்றுதான்.

இரண்டையும் தனித்தனித் தாளில் எழுது என்றார்,
ஒன்று கட்டிலுக்கு, மற்றது கும்பினி மேசைக்கு.

நாலு என்ற இடத்தில் மை தொட நிறுத்தினேன்.
ஆறு என்று எழுதினால்
என்றாவது ஒரு கப்பல் மணலில் ஏறும்.
வெளியே வாடகைத் தோணிக்காரன் இருமினான்.
நாலு என்றே எழுதினேன்.
வீட்டில் ஐந்து வாய்.

மற்ற தாளில், மேய்ப்பர்கள் நடுவே,
அவர் எழுதாத சொல் ஒன்றைச் செருகினேன்.
பிராஞ்சில் ரத்தத்துக்கு ஓர் அசைதான்.
பதின்மூன்று.
கட்டிலைச் சுற்றி இருப்பவர்களில் யாராவது
விரல்விட்டு எண்ணினால்
அந்த இடத்தில் தட்டும்.